விடை 9.8 என்றே வர வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் ஒன் இயற்பியல் செய்முறை ஏடுகள் பத்தை எடுத்துத் தனி ஊசல் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். நூலில் தொங்கும் குண்டை ஆட்டிப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணும் சோதனை அது. பெரும்பாலும் பத்திலும் விடை 9.8 அல்லது 9.81 என்றே இருக்கும். நூல் வேறு, குண்டு வேறு, கடிகாரத்தை அழுத்தும் விரல் வேறு. அப்படியிருக்கப் பத்துப் பேருக்கும் ஒரே எண் வருகிறதென்றால், விடையை முதலில் எழுதிவிட்டு அலைவு நேரத்தை, அதாவது குண்டு ஒரு முறை போய்த் திரும்ப ஆகும் நேரத்தை, பின்னால் இட்டு நிரப்பியிருக்கிறார்கள். பிள்ளைகளை நொந்து பயனில்லை. 9.4 எழுதியவருக்கு மதிப்பெண் குறைந்தது என்று தெரிந்தால் அடுத்த ஆண்டு எவரும் 9.4 எழுதமாட்டார்.

இதில் வேடிக்கை, 9.81 என்பது நம் ஊர் எண்ணே அல்ல. அது லண்டன், பாரிஸ் பக்கத்து எண். கடல் மட்டத்தில் புவியீர்ப்பு முடுக்கம் சென்னைக்கு 9.783, கன்னியாகுமரிக்கு 9.781 மீ/வி². துருவத்தில் 9.832 ஆக இருப்பது நிலநடுக்கோட்டில் 9.780 ஆகக் குறைகிறது. இந்த 0.052 வித்தியாசத்தில் 0.034 பூமி தன்னைத்தானே சுற்றுவதால் வருவது. நடுக்கோட்டில் நிற்பவரை வட்டப் பாதையில் வைத்திருக்கவே ஈர்ப்பில் ஒரு சிறு பங்கு மையநோக்கு முடுக்கமாகச் செலவாகிவிடுகிறது. மீதி, பூமி இடுப்புப் பெருத்திருப்பதால் வருவது.

சென்னை வானாய்வகத்தின் பொறுப்பிலிருந்த ஜான் கோல்டிங்ஹாம் 1821-ல் ஊசலை ஆட்டித்தான் இதை அளந்தார். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக ஒரு விநாடி எடுக்கும் ஊசலின் நீளம் சென்னையில் 39.03 அங்குலத்துக்கு மயிரிழை குறைவு, லண்டனில் 39.14. இடைவெளி 3 மி.மீ. கூட இல்லை. ஆனாலும் லண்டனில் பிசகாமல் ஓடும் ஊசல் கடிகாரத்தை நீளம் மாற்றாமல் இங்கே கொண்டுவந்து மாட்டினால் நாளொன்றுக்கு இரண்டு நிமிடம் பின்தங்கும்.

பள்ளி ஆய்வகத்தில் இவ்வளவு நுட்பம் எட்டாது. ஆனால் 9.7-க்கும் 9.9-க்கும் இடையே ஒரு விடையை நேர்மையாகவே எடுக்கலாம். எடுக்க முடியாமல் போவதற்குக் காரணங்கள் சிலவே. அவற்றில் பலவற்றை விடையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

எண்ணிக்கைப் பிழையைச் சொல்கிறேன். குண்டு நடுக்கோட்டைக் கடக்கும்போது கடிகாரத்தை அழுத்தி, அதே நொடியில் "ஒன்று" என்று தொடங்குகிறார்கள். அப்போது "பூச்சியம்" என்று சொல்ல வேண்டும். "ஒன்று" என்று தொடங்கினால் 20 என முடிக்கும்போது ஆடியிருப்பது 19 அலைவுதான். 1 மீட்டர் ஊசலுக்கு 20 அலைவுக்கு 40.2 விநாடி ஆக வேண்டும், 38.2 விநாடியே ஆகியிருக்கும். ஊசலின் நீளத்தை 4 பை இருமடியால் (வர்க்கத்தால்) பெருக்கி, அலைவு நேரத்தின் இருமடியால் வகுத்தால் வருவதுதான் விடை; இங்கே 10.8. நடுவில் ஒன்றை எண்ணாமல் விட்டு 21 அலைவை 20 என்று எழுதியிருந்தால் 8.9. ஆக, 10.8-ஓ 8.9-ஓ வந்தால் கருவியையும் நூலையும் சந்தேகிக்கவே வேண்டாம். எண்ணிக்கையில்தான் ஓட்டை. இதைத் தெரிந்துகொள்ளாமல், 10.8-ஐக் கண்டு மிரண்டுபோய் 9.8 என்று திருத்துகிற மாணவர் தம் கையில் கிடைத்த தடயத்தையே அழித்துவிடுகிறார்.

கடிகாரத்தை எங்கே அழுத்துவது? ஊசல் ஓரத்தில் நிற்கும் கணத்தில் என்று பலர் நினைக்கிறார்கள். நிற்பது போலத் தெரிவதுதான் அங்கே கோளாறு. 10 செ.மீ. வீச்சில், அதாவது நடுவிலிருந்து ஓரம் வரை 10 செ.மீ. விலகி, ஆடும் 1 மீட்டர் ஊசல், ஓரத்துக் கடைசி 1 மி.மீ. பரப்பில் போய்த் திரும்ப 0.09 விநாடி எடுத்துக்கொள்ளும். நடுவில் அதே 1 மி.மீ. தூரத்தை 0.003 விநாடியில் தாண்டிவிடும். அங்கே அதன் வேகம் விநாடிக்கு 31 செ.மீ. எனவே ஓய்வுநிலைக்குப் பின்னால் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, குண்டு ஒரே திசையில் அதைக் கடக்கும்போது அழுத்த வேண்டும். கைப்பழக்கத்தால் வரும் தாமதம் தொடக்கத்திலும் முடிவிலும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் பெரும்பகுதி கழிந்துபோகும், மிஞ்சுவது 0.1 விநாடி அளவுக்கான ஏற்றத்தாழ்வு. மூன்று முறை எடுத்த அளவீடும் 40.18, 40.18, 40.18 என்று இருந்தால் தேர்வாளர் சந்தேகத்தோடு புன்னகைக்கலாம்.

நூலைத் தாங்கியின் கம்பியில் சுற்றிக் கட்டுவது இன்னொரு வழக்கம். ஊசல் ஒரு பக்கம் போகும்போது நூல் கம்பியின் வளைவில் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது, மறுபக்கம் போகும்போது விலகுகிறது; தொங்குபுள்ளி ஓரிடத்தில் நிற்பதில்லை. தக்கையை இரண்டாகப் பிளந்து, நடுவில் நூலை வைத்து, தாங்கியின் பிடியில் இறுக்கினால் தக்கையின் அடிவிளிம்பே தொங்குபுள்ளி. பிளவு, ஊசல் ஆடும் திசைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். நீளத்தைக் குண்டு தொங்கிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும், ஏனென்றால் மேசையில் கிடத்தி அளந்த நூல் குண்டின் எடையில் சற்று நீளும். நூல், கொக்கி, குண்டின் ஆரம் மூன்றும் சேர்ந்ததே ஊசலின் நீளம். 2 செ.மீ. விட்டமுள்ள குண்டின் ஆரத்தைச் சேர்க்க மறந்தால் 1 மீட்டர் ஊசலில் விடை 1 சதவீதம் குறையும்.

இந்த மறதிக்கு மருந்து உண்டு. 60 செ.மீ. முதல் 110 செ.மீ. வரை ஆறு நீளங்களுக்கு அலைவு நேரம் கண்டு, அதன் இருமடியை நீளத்துக்கு எதிரே வரைபடமாக்குங்கள். ஆரத்தை எல்லா நீளத்திலும் ஒரே அளவாக மறந்திருந்தால் கோடு ஆதிப்புள்ளியைத் தவறவிடுமே தவிர, சாய்வு மாறாது. நம் ஊரில் சாய்வு மீட்டருக்கு 4.035 வி² அளவில் வரும். 4 பை இருமடியை, அதாவது 39.48-ஐ, அதால் வகுத்தால் 9.78. அட்டவணையில் ஒவ்வொரு வரிக்கும் நீளத்தை நேர இருமடியால் வகுத்துச் சராசரி காணும் முறை இந்தப் பிழையை மூடி மறைக்கிறது. வரைபடம் அதைக் காட்டிக்கொடுக்கிறது. வரைபடத்துக்குத் தனி மதிப்பெண் கொடுத்தால் என்ன?

வீச்சைப் பற்றி எல்லோரும் எச்சரிக்கிறார்கள்; அது அவ்வளவு பெரிய பூதமல்ல. 10 டிகிரியில் அலைவு நேரம் 0.19 சதவீதமே கூடும், 20 டிகிரியில் 0.77. விடையில் பிழை இதைப்போல இரண்டு மடங்கு. 1 மீட்டர் ஊசலை 10 செ.மீ. மட்டும் இழுத்தால் இந்தக் கவலையே இல்லை. யாரும் கவனிக்காத ஆபத்து, குண்டை விடும்போது விரல் பக்கவாட்டில் லேசாகத் தள்ளிவிடுவது. பிறகு அது கோட்டில் ஆடாது, நீள்வட்டத்தில் சுற்றும். நூல் 10 டிகிரி சாய்ந்து முழு வட்டமாகவே சுற்றினால் அது கூம்பு ஊசல். அதன் சுற்றுநேரம் 0.76 சதவீதம் குறையும். விடை ஒன்றரை சதவீதம் ஏறும். ஒரே நூல், ஒரே குண்டு, ஒரே கோணம். நேராக ஆடினால் நேரம் கூடுகிறது, சுற்றினால் குறைகிறது. குண்டை ஓர் அட்டையால் தடுத்து நிறுத்தி, அட்டையை ஊசலின் வழியிலேயே சட்டென விலக்கினால் பக்கத் தள்ளல் இராது. முதல் நாலைந்து அலைவுகளை எண்ணாமல் விட்டுவிட்டு, மேலிருந்து பார்த்துக் கோட்டில்தான் ஆடுகிறதா என்று உறுதி செய்துகொண்டு தொடங்கலாம்.

இனி, வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வி. ஊசலின் சூத்திரம்: அலைவு நேரம் = 2 பை × √(நீளம் ÷ புவியீர்ப்பு முடுக்கம்). முன்னும் பின்னும் நேராகப் போய்வருகிற ஊசலின் சூத்திரத்தில் 2 பை எங்கிருந்து வந்தது? பை வட்டத்துக்கு உரிய எண் அல்லவா? சீரான வட்ட இயக்கத்தை ஒரு பாடத்திலும் தனிச்சீரிசை இயக்கத்தை (ஊசலைப்போலச் சீராகப் போய்வரும் அசைவை) பல மாதம் கழித்து வேறொரு பாடத்திலும் நடத்துவதால் இந்தக் கேள்வி எழாமலே போகிறது. வட்டத்தில் சீராகச் சுற்றும் புள்ளியின் முடுக்கம் எப்போதும் மையத்தை நோக்கியது. அளவு, கோணத் திசைவேகத்தின் (விநாடிக்கு எவ்வளவு கோணம் திரும்புகிறது என்பதன்) இருமடியை ஆரத்தால் பெருக்கியது. அந்தப் புள்ளியின் நிழலை ஒரு விட்டத்தின் மேல் விழச் செய்தால், நிழலின் முடுக்கம் அதே இருமடியை மையத்திலிருந்து நிழல் இருக்கும் தூரத்தால் பெருக்கியது. திசை மையம் நோக்கி. தனிச்சீரிசை இயக்கத்தின் இலக்கணமே இதுதான். சிறு வீச்சில் ஊசலின் முடுக்கமும் இதே வடிவில் அமைகிறது. கோணத் திசைவேகத்தின் இருமடி இருந்த இடத்தில் புவியீர்ப்பு முடுக்கத்தை நூலின் நீளத்தால் வகுத்த எண் வந்து உட்காருகிறது. ஒரு முழுச் சுற்றுக்கு 2 பை ரேடியன், அதுவே ஓர் அலைவு.

இதைக் கண்ணாலேயே காட்டலாம். பழைய எல்.பி. இசைத்தட்டுக் கருவி நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும்; ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. தட்டின் மையத்திலிருந்து 10 செ.மீ. தள்ளி ஒரு டேபிள் டென்னிஸ் பந்தை ஒட்டி, அருகே 80.3 செ.மீ. ஊசலைத் தொங்கவிட்டு 10 செ.மீ. இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். தட்டின் உயரத்திலேயே கைப்பேசி விளக்கை வைத்துச் சுவரில் இரு நிழல்களையும் விழவிட்டு, பந்தின் நிழல் ஓரத்துக்கு வரும் கணத்தில் ஊசலை விட்டால் இரண்டு நிழலும் கைகோத்தபடி போய்வரும். இசைத்தட்டுக் கருவி கிடைக்காவிட்டால் நிமிடத்துக்கு 30 சுற்று என்று விற்கும் 12 வோல்ட் பல்சக்கர மோட்டார் போதும். அதற்கு ஊசல் 99.1 செ.மீ. ஆனால் மோட்டாரின் மேல் எழுதியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். பத்துச் சுற்றுக்கு நேரம் எடுத்து, அதற்கேற்ப நூலைக் கூட்டிக் குறைக்க வேண்டும். நேரம் 1 சதவீதம் பிசகினால் 50 அலைவில் இரண்டு நிழலும் எதிரெதிர் ஓரத்தில் நிற்கும்.

இந்தச் சோதனை சொதப்புவது விளக்கினால்தான். விளக்கை 50 செ.மீ. தூரத்தில் வைத்தால், பந்து விளக்குப் பக்கமாக வரும்போது நிழல் பெருத்து விரைகிறது, சுவர்ப் பக்கமாகப் போகும்போது சிறுத்துத் தயங்குகிறது. நிழல் ஓரத்திலிருந்து ஓரம் செல்லப் போகையில் 0.78 விநாடி, வருகையில் 1.02 விநாடி ஆகும். ஊசலுக்கு இரண்டும் 0.9 தான். விளக்கை 3 மீட்டர் பின்னால் தள்ளுங்கள், வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது.

தண்ணீர் நிறைத்த தூக்குவாளியைக் கையால் தலைக்கு மேல் சுழற்றும் விளையாட்டையும் இதே பாடத்தில் சேர்க்கலாம். தோளிலிருந்து தண்ணீர் வரை 1 மீட்டர் என்றால், சீராகச் சுழற்றும்போது நீர் சிந்தாமலிருக்க ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 2 விநாடியைத் தாண்டக்கூடாது. 1 மீட்டர் ஊசலின் அலைவு நேரமும் அதே 2 விநாடி! தற்செயலல்ல, இரண்டுக்கும் சூத்திரம் ஒன்றே. உச்சியில் நீரை மேல்நோக்கித் தள்ளிப் பிடிக்கும் விசை எதுவும் இல்லை. அந்த எல்லை வேகத்தில் நீரின் எடையே முழுதும் மையநோக்கு விசையாகச் செலவாகிறது. விசைப் படத்தில் எடை, வாளியின் அடி தரும் எதிர்விசை என்று இரண்டு அம்புக்குறிகளே வர வேண்டும். "மையநோக்கு விசை" என்று மூன்றாவதாக ஒன்றை வரைகிற பிள்ளைகள் ஏராளம். அது மற்ற விசைகளின் கூட்டுக்குப் பெயரே தவிர, தனி விசை அல்ல. கீழே வரும்போது கைப்பிடி வாளியின் எடையைப்போல இரண்டு மடங்கு தாங்க வேண்டியிருக்கும். துருப்பிடித்த பிடியுள்ள வாளியோடு இதைச் செய்ய வேண்டாம்.

சுருள்வில் சோதனையில் ஒரே ஒரு குறிப்பு. மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்த எடை சிறிது நேரத்தில் தானாகவே பக்கவாட்டில் ஊசலாடத் தொடங்கும். வில் பழுது என்று எண்ணி அதை மாற்றுவார்கள். வில்லில் பழுதில்லை. எடை தொங்கும் மொத்த நீளம், எடையால் வில் நீண்ட அளவைப்போல ஏறத்தாழ நான்கு மடங்காக அமைந்துவிட்டால், ஊசலாட்ட நேரம் வில் அலைவு நேரத்தின் இரு மடங்காகி, ஆற்றல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். எடையை 50 கிராம் கூட்டினாலோ குறைத்தாலோ பொருத்தம் கலைந்துவிடும்.

செய்முறைத் தேர்வுக்கு வரும் தேர்வாளர்களிடம் கேட்பது அதிகமில்லை. தனி ஊசலில் 9.5 முதல் 10.1 வரை வந்த விடைக்கு, அளவீடுகள் ஒன்றுக்கொன்று பொருந்தினால், முழு மதிப்பெண் தரலாம். வரைபடத்தையும் அளவீடுகளின் இயல்பான ஏற்றத்தாழ்வையும் பார்த்து மதிப்பிடலாம். 10.8 எழுதிய மாணவரிடம் அழித்துவிட்டு எழுதச் சொல்ல வேண்டாம்; பூச்சியத்திலிருந்து தொடங்கி இன்னொரு முறை எண்ணச் சொல்லுங்கள், ஒரு நிமிட வேலைதான்.

இப்படிக்கு,
மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி