பாதியில் நிறுத்தாதே மகன்

அன்பு மகன்,

நேற்றிரவு நீ கோலில் கதைத்ததிலிருந்து எனக்கும் அம்மாவுக்கும் சரியான நித்திரை இல்லை. வாயெல்லாம் கசக்குது, சோத்தைக் கண்டாலே சத்தி வருகிற மாதிரி இருக்குது, வயிற்றாலும் போகுது, இனி அந்தக் குளிசையைத் தொடவே மாட்டேன் என்றாய். உன் வருத்தத்தை விட அந்தக் கடைசிச் சொல்தான் எனக்குப் பயம்.

நீ அனுப்பிய மருந்துத் துண்டின் படத்தைத் தம்பிலுவிலில் நமக்குத் தெரிந்த பாமசித் தம்பியிடம் காட்டினேன். ஒமிப்பிரசோல், அமொக்சிசிலின், கிளாரித்ரோமைசின், மூன்றும் 14 நாளைக்கு. வயிற்றுக்குள் இருக்கிற எச். பைலோரி என்ற கிருமிக்குத்தான் இது. கம்பனிச் சாப்பாட்டு உறைப்பால் வந்த வயிற்றுப் புண் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய், அப்படி இல்லை மகன். முந்தி டொக்டர்மாரும் உறைப்பு, யோசனை என்றுதான் சொன்னார்களாம். அவுஸ்திரேலியாவில் பரி மார்ஷல் என்ற டொக்டர் 1984இல் அந்தக் கிருமியைத் தானே குடித்து வருத்தத்தை வரவழைத்துக் காட்டினாராம், 2005இல் அவருக்கும், அவரோடு சேர்ந்து அந்தக் கிருமியைக் கண்டுபிடித்த ரொபின் வொரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

வாய்க் கசப்பு கிளாரித்ரோமைசினால் வருவது, அது எச்சிலிலும் கலந்து வரும், மருந்து முடிய அதுவும் போய்விடும். ஒமிப்பிரசோலைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முதல் எடு, மற்ற இரண்டையும் வெறும் வயிற்றில் போடாமல் சாப்பாட்டோடு எடு, கஞ்சி என்றாலும் பரவாயில்லை. வயிற்றால் போனால் தண்ணீர்ச் சத்து குறையவிடாதே. கரைத்துக் குடிக்கிற ஜீவனித் தூள் இல்லாவிட்டால் கொதித்தாறின ஒரு லீற்றர் தண்ணீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து அடிக்கடி குடி.

ஆனால் மனே, உடம்பில் தடிப்பு எழும்பினால், முகமோ உதடோ வீங்கினால், மூச்சு முட்டினால் அடுத்த குளிசையைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. இரத்தமாகப் போனாலும், தார் மாதிரிக் கறுப்பாகப் போனாலும், தண்ணீராக நிற்காமல் போனாலும் அப்படித்தான், டியூட்டி முடியட்டும் என்று பார்த்துக்கொண்டு இருக்காதே. அப்படி ஒன்றும் இல்லாவிட்டாலும் நாளைக்கே உனக்கு மருந்து தந்த டொக்டரிடம் போய், ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல். மாற்றுவதென்றால் அவர் மாற்றித் தருவார். நீயாகப் பாதியில் விட்டால் மிஞ்சுகிற கிருமி அந்த மருந்துக்கு அடங்காமல் போகலாம், பிறகு வேறு மருந்தோடு முதலில் இருந்து தொடங்கவேண்டி வரும்.

அம்மா கண்ணகி அம்மனுக்கு நேர்ந்து வைத்திருக்கிறா. டொக்டரிடம் போய் வந்ததும் எந்த நேரம் என்றாலும் கோல் எடு, நான் போனைப் பக்கத்தில்தான் வைத்திருப்பேன்.

அப்பா