காசிமேட்டுக்குப் போகுமுன்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது.

நீயும் உன் குடியிருப்பில் இன்னும் மூன்று வீட்டாரும் சேர்ந்து, இனிமேல் மீனைச் சென்னை காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலும் கறியை ஊர் ஆடாகவும் நேரே வாங்கப் போவதாகப் போனில் சொன்னாய். வாங்குங்கள். ஆனால் கடைக்காரர் வைக்கும் லாபம் சும்மா வருவதில்லை என்பதைத் தெரிந்துகொண்டு போ. தரம் பிரிப்பது, ஐஸ் போடுவது, கெட்டதைக் கழிப்பது, வெட்டித் தருவது, குறை வந்தால் ஏச்சு வாங்குவது எல்லாம் அவர் வேலை. அவரைத் தாண்டிப் போனால் அத்தனையும் உன் தலையில் வந்து விழும்.

முதல் வில்லங்கம் பெயரில். நம்ம தூத்துக்குடி சீலாதான் அங்கே வஞ்சிரம். சென்னையில் "சீலா இருக்கா" என்று கேட்டால் ஊளி மீனை எடுத்துப் போடுவார்கள். ஏமாற்று இல்லை, அங்கே ஊளிக்குச் சீலா என்றுதான் பெயர். அயிலையைக் கானாங்கெளுத்தி என்றும், சாளையை மத்தி என்றும் கேட்டு வாங்கு.

அடுத்தது படகு. இங்கே விசைப்படகு விடியுமுன் போய் இரவே கரை திரும்பிவிடும். அந்த நினைப்பில் காசிமேட்டில் இறங்காதே. அங்குள்ள பெரிய விசைப்படகுகள் பல நாள் தங்கி மீன் பிடிப்பவை. பத்து நாள் கழித்தும் வரும். முதல் நாள் விழுந்த மீன் அத்தனை நாளும் ஐஸ் அறைக்குள் கிடக்கிறது. படகில் இருந்து இப்போதுதான் இறக்குகிறார்கள் என்பது உண்மையாகவே இருக்கும், ஆனால் மீன் போன வாரத்தது. "போட் எப்ப வந்துச்சு" என்று கேட்டுப் பயனில்லை. "இது எந்த வலை" என்று கேள். கடைசியாகப் போட்ட வலையில் விழுந்தது ஒரு நாள் மீன். இரவு போய்க் காலையில் திரும்பும் பைபர் படகு மீன் இன்னும் நல்லது. அதில் பெரிய மீன் குறைவாகத்தான் இருக்கும். சங்கரா, கிழங்கான், நெத்திலி, நண்டு வாங்கப் பைபர் படகுப் பக்கம் போ.

கண்ணைப் பார், செவுளைப் பார் என்று எல்லோரும் சொல்வார்கள். ஐஸில் கிடந்த மீனுக்குக் கண் சீக்கிரம் மங்கிவிடும், உள்ளே சதை நன்றாகவே இருக்கும். கண்ணை மட்டும் நம்பிக் கழித்தால் நல்ல மீனையும் விட்டுவிடுவாய். தலையைப் பிடித்துக் கிடையாகத் தூக்கு. வால் தொங்காமல் கட்டை மாதிரி நின்றால் பிடித்து அதிக நேரம் ஆகியிருக்காது. தொங்கினால் உடனே தள்ளிவிட வேண்டாம், வயிற்றுப் பக்கம் கட்டைவிரலால் அழுத்து. குழி எழும்பி வந்தால் சரி. குழி அப்படியே நின்றாலோ, வயிறு கொளகொளவென்று இருந்தாலோ வைத்துவிடு. கடைசியாகச் செவுளைத் திறந்து முகர். நிறத்தை என்னவும் செய்யலாம், அந்த வாடையை மறைக்க முடியாது. கடல் வாடை வந்தால் எடு, புளித்த வாடை வந்தால் பேரம் பேசாதே.

இறால் வேறு கதை. தலை கறுப்பது அழுகல் இல்லை. அதன் உடம்பில் உள்ள நொதி காற்றுப் பட்டால் செய்யும் வேலை, வெட்டிய வாழைக்காய் கறுப்பது போல. கறுக்காமல் இருக்க மருந்துத் தண்ணீரில் முக்குவதும் உண்டு. ஆகவே வெள்ளையாகப் பளபளப்பது ஒன்றுக்கும் சாட்சி இல்லை. தலையும் உடலும் சேரும் இடத்தை வளைத்துப் பார், ஆடாமல் இறுக்கமாக இருக்க வேண்டும். விலை பேசும்போது கவுண்ட் கேள். 30 கவுண்ட் என்றால் கிலோவுக்கு 30 இறால். தலையும் தோடும் போனால் கிலோவுக்கு அரைக் கிலோவைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். உரித்த இறால் விலையோடு ஒப்பிடும்போது இதை மறந்துவிட்டு "பாதி விலை" என்று சந்தோஷப்படுகிறவர்கள் நிறைய.

நண்டு உயிரோடு இருக்க வேண்டும். ஒரே அளவில் இரண்டை இரண்டு கையில் எடு, கனமானதை வைத்துக்கொள். அண்மையில் தோடு கழற்றிய நண்டு உள்ளே தண்ணீர்தான். வயிற்றில் முட்டைக் கொத்தோடு இருப்பதை விட்டுவிடு.

ஏலத்தில் தராசு கிடையாது, கண்ணளவுதான். குவியலாகவோ கூடையாகவோ விடுவார்கள். மேலே பெரிதும் அடியில் பொடியுமாக இருக்கும். நான்கு வீட்டுக்கு ஒரு கூடை அதிகம். ஏலம் எடுத்து அங்கேயே பிரித்து விற்கும் பெண்களிடம் வாங்குவதுதான் உங்களுக்குத் தோது. விலை கொஞ்சம் கூடும், ஆனால் ஒவ்வொன்றாகப் பொறுக்கலாம். ஒரு தொங்கு தராசு கொண்டு போ, தண்ணீரை வடிய விட்டு நிறுக்கச் சொல். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், ஊரே அங்கே நிற்கும், விலையும் ஏறி நிற்கும். செவ்வாய் புதனில் விடியுமுன் போ.

அங்கே வெட்டிக்கொடுப்பவர்களிடம் செதிலும் குடலும் மட்டும் எடுக்கச் சொல். துண்டு போட வேண்டாம். நூறு மீனைக் கழுவிய அதே தொட்டித் தண்ணீரில் துண்டை முக்கி எடுத்தால் நீ பார்த்துப் பார்த்து வாங்கியதெல்லாம் வீண். சினை இருந்தால் கேட்டு வாங்கு, கேட்காவிட்டால் குடலோடு போய்விடும்.

ஐஸ்தான் எல்லாரும் கஞ்சத்தனம் பண்ணும் இடம். மீன் ஒரு கிலோ என்றால் உடைத்த ஐஸ் ஒரு கிலோ. தெர்மகோல் பெட்டியின் அடியில் ஒரு மூலையில் பென்சில் நுழையும் ஓட்டை போடு. அடியில் நான்கு விரல் ஐஸ், மேலே ஒரு வரிசை மீன், அது மறைய ஐஸ், மறுபடி மீன், கடைசியில் ஐஸ். வயிறு கீறிய மீனுக்குள்ளும் ஒரு கைப்பிடி திணி. உருகும் தண்ணீர் ஓட்டை வழியாக வெளியேற வேண்டும். அது தேங்கி மீன் ஊறினால் சதை வெளுத்து ருசி போய்விடும். கட்டி ஐஸை இரண்டாக உடைத்து மேலே வைப்பது ஐஸ் போட்டதாகாது, மீனைத் தொடாத ஐஸ் மீனைக் குளிரவைக்காது.

சூரை, அயிலை, சாளை மூன்றிலும் இன்னும் கண்டிப்பாக இரு. வெயிலில் சில மணி நேரம் கிடந்தாலே அவற்றின் சதையில் ஹிஸ்டமின் சேர ஆரம்பித்துவிடும். பார்வைக்கும் வாடைக்கும் ஒன்றும் தெரியாது. கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் போகாது. தின்ற கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலிக்கும். மீன் ஒவ்வாமை என்று நினைத்துக்கொள்வார்கள், பெரும்பாலும் ஐஸ் போடாத குற்றம்தான் அது.

இங்கிருந்து பஸ்ஸில் பார்சல் போடச் சொன்னாலும் இதே கணக்குதான். சாமான் அறை சூடாக இருக்கும், 12 மணி நேரப் பயணம். குடல் எடுத்த மீனாகவே அனுப்பச் சொல். பஸ்ஸில் ஓட்டை போட்ட பெட்டியை ஏற்ற மாட்டார்கள், அதனால் மீனைப் பையில் கட்டி ஐஸ் நடுவே புதைக்கச் சொல். மீன் எடை, ஐஸ் எடை தனித்தனியே எழுதி வாங்கு. பெட்டி வந்ததும் திறந்து பார். ஐஸ் மிச்சம் இருந்தால் சரி. வெறும் தண்ணீராகி அதுவும் சில்லென்று இல்லாவிட்டால் உடனே படம் எடுத்து அனுப்பு, மறுநாள் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கரையில் விசைப்படகுத் தடை, 61 நாள். நம் மேற்குக் கரைக்கு ஜூன் முதல் ஜூலை முடிய. ஜூன் முதல் பாதியில் தமிழ்நாட்டின் இரண்டு கரையிலும் விசைப்படகு ஓடாது. அந்த நாளில் "இன்னைக்கு போட் மீன்" என்று பெரிய வஞ்சிரத்தை யாராவது நீட்டினால் சிரித்துவிட்டு நகர்ந்து போ. நாட்டுப் படகு மீன் அப்போதும் வரும், அதை வாங்கு.

இனி ஆடு. உயிர் எடை 22 கிலோ என்றால் எலும்போடு கறி 10 கிலோ அளவில் வரும், பாதிக்கும் குறைவு. நான்கு வீட்டுக்கு அது அதிகம், எட்டுப் பங்காகக் கூறு போடுங்கள். கணக்குக்காக ஆடு 11,000 ரூபாய், வெட்டுக்கூலி 600 என்று வை. தலை, கால், குடலை உங்களுக்குள்ளேயே ஏலம் விட்டு 1,200 வந்தால், மீதி 10,400 எட்டுப் பங்குக்கு. பங்கு 1,300 ரூபாய். ஒன்றேகால் கிலோ கறி. கடை விலையை விட அப்படி ஒன்றும் குறையாது. என்ன ஆடு, என்ன வயது என்று தெரிந்து தின்னலாம், லாபம் அதுதான். ஈரலையும் சுவரொட்டி என்கிற மண்ணீரலையும் ஒவ்வொரு கூறிலும் பிரித்துப் போடச் சொல்லுங்கள். சண்டை அங்கேதான் வரும்.

எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையோ மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தையோ, வாயைத் திறந்து பல்லைப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. எல்லாம் பால் பல் என்றால் ஒரு வயதோ அதற்குக் குறைவோ. முன்னால் இரண்டு பெரிய பல் விழுந்து முளைத்திருந்தால் ஒன்றேகால் வயது, குழம்புக்கு அதுதான் பதம். நான்கு பல் ஆனால் குக்கரில் விசில் கூட வேண்டும். கீழ் இமையை இழுத்துப் பார். சிவப்பாக இருக்க வேண்டும், வெளுத்திருந்தால் வயிற்றில் புழு. புழுக்கை உருண்டையாக விழ வேண்டும். "ஊசி, மருந்து கடைசியா எப்ப போட்டது" என்று கேள், சமீபத்தில் போட்டிருந்தால் அந்த ஆடு வேண்டாம். உப்புத் தீவனம் கொடுத்துத் தண்ணீர் காட்டி எடை ஏற்றுவது பழைய வித்தை. இடப்பக்க வயிறு மத்தளம் மாதிரி இருந்தால் இரண்டு கிலோ தண்ணீருக்கும் கறி விலை கொடுக்கிறாய். வளர்ப்பவர் வீட்டிலேயே வாங்கினால் காலையில் தீவனம் காட்டுமுன் நிறுக்கச் சொல்.

வெட்டுவதை மாநகராட்சி இறைச்சிக் கூடத்தில் வை, மொட்டை மாடியில் வேண்டாம். சென்னையில் அதற்கு அனுமதி இல்லை.

கறி கைக்கு வந்ததும் ஒன்று உடனே அடுப்பில் ஏற்று, இல்லாவிட்டால் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள் மூடி வைத்துப் பிறகு சமை. அறுத்துச் சில மணி நேரத்தில் தசை விறைக்கும், அந்த நேரத்தில் சமைத்தால் எவ்வளவு வேகவைத்தாலும் ரப்பர்தான். சூடு ஆறாத கறியை நேரே பிரீசரில் போட்டாலும் அதே கதி. மறுநாள் அரைக் கிலோ அரைக் கிலோவாகப் பையில் போட்டு, தட்டையாக அமுக்கி, தேதி எழுதிப் பிரீசருக்கு மாற்று. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் திணிக்காதே, உள்ளே இருப்பதும் சேர்ந்து இளகும். அயிலையையும் சாளையையும் இரண்டு மாதத்துக்கு மேல் வைக்காதே, எண்ணெய் சிக்கு வாடை வந்துவிடும்.

அப்பாவிடம் சொல்லி நல்ல தொங்கு தராசு ஒன்றை அடுத்த பார்சலில் வைக்கிறேன். ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைத் தொங்கவிட்டுச் சரிபார்த்துக்கொண்டு எடுத்துப் போ.

அன்புடன்,
அம்மா