நடுவர் குழுவில் உட்காரப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

யாரையும் ஒதுக்காமல் ஊரை நடத்தும் உள்ளாட்சிகளுக்கு விருது கொடுக்கிற குழுவில் உன்னையும் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ரொம்பச் சந்தோஷம். நேரில் வாழ்த்தியிருக்கலாம். ஆனால் நான் சொல்ல நினைப்பது உன் பக்கத்தில் உட்காரப் போகிறவர்களுக்கும் உதவும் என்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன். நானும் மூன்று முறை அந்த வேலையைப் பார்த்தவன். இரண்டு முறை தப்பு செய்தேன். அந்தக் கதைதான் இது.

முதல் தப்பு. ஒரு நகராட்சிக்கு முதலிடம் கொடுத்தோம். ஊர்ப் பெயர் வேண்டாம். வழவழப்பான தாளில் தடிமனான விண்ணப்பம். சக்கர நாற்காலியில் ஒரு பெண் சிரித்தபடி சாய்தளத்தில் ஏறும் படம் அட்டையில். அணுகல் வசதிக்குப் பத்துக்கு ஒன்பது போட்டது நான்தான். ஒன்றரை வருடம் கழித்து வேறு வேலையாக அதே கட்டடத்துக்கு என் பெரியம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். சாய்தளம் படத்தில் பார்த்தபடியே இருந்தது. அது போய் முட்டுகிற கதவில் பூட்டு. சாவிக்கு மாடியில் கேட்கச் சொன்னார்கள். ஓடினேன், வாங்கி வந்து திறந்தேன். உள்ளே கழிப்பறைக் கதவில் நீல நிறத்தில் சக்கர நாற்காலிப் படம். திறந்தால் மூன்று துடைப்பம், ஒரு ஏணி, கால் உடைந்த மேசை. பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அவசரமில்லப்பா, வீட்டுக்குப் போய்க்கலாம்" என்றார். நான் போட்ட ஒன்பது மார்க் அந்தத் துடைப்பங்களுக்கு நடுவில் கிடந்தது.

அதனால் முடிந்தால் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார். தனியாகப் போகாதே. அந்த வசதி யாருக்குத் தேவையோ அவரைக் கூட்டிக்கொண்டு போ. மாற்றுத்திறனாளிகள் எளிதாகப் புழங்க வழி செய்யும் நகரங்களுக்காக ஐரோப்பிய ஆணையம் 2010இல் தொடங்கிய 'அக்செஸ் சிட்டி' விருதில் மாற்றுத்திறனாளி அமைப்புகளின் ஆட்களே நடுவர்களாகவும் உட்காருகிறார்கள். அந்த விருதின் முதல் வெற்றியாளர் ஸ்பெயினின் ஆவிலா, இடைக்காலக் கோட்டை மதில் சூழ்ந்த ஊர். 2019இல் நெதர்லாந்தின் பிரேடாவுக்குக் கிடைத்தது. அதுவும் பழைய ஊர்தான். அங்கே உருண்டைக் கற்கள் பதித்த தெருவில் சக்கர நாற்காலி தடதடவென்று ஆடும். கற்களைத் தூக்கி எறிந்துவிட்டு சிமென்ட் போட்டிருந்தால் ஊரின் முகமே போயிருக்கும். அவர்கள் அதே கற்களைப் பெயர்த்து, அறுத்து, தட்டையான பக்கம் மேலே வரும்படி திருப்பிப் பதித்தார்கள். பழமையைக் காப்பவர்களுக்கும் நாற்காலியில் வருகிறவர்களுக்கும் ஒரே கல்லில் பதில்! ஒரு விண்ணப்பத்தில் இந்த மாதிரி யாரோ ஒருவர் தரையில் குந்தி உட்கார்ந்து யோசித்த தடயம் தெரிகிறதா என்று தேடு. எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

இரண்டாவது தப்பு இன்னும் உறுத்துகிறது. ஒரு சின்ன ஊரிலிருந்து இரண்டே தாளில் விண்ணப்பம் வந்தது. கையெழுத்துப் பிரதி, எழுத்துப் பிழைகள் வேறு. அவர்கள் எழுதியிருந்தது இதுதான்: காலை பதினொரு மணிக்கு நடந்துகொண்டிருந்த குறைதீர் கூட்டத்தை மாலை ஏழுக்கு மாற்றினோம், கூலி வேலைக்குப் போகிறவர்கள் வர ஆரம்பித்தார்கள், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வைத்தோம், பெண்கள் வந்தார்கள், வெளியிலிருந்து பிழைக்க வந்தவர்களின் மொழி தெரிந்த ஒருவரை மேடைக்குக் கீழே உட்கார வைத்தோம். அவ்வளவுதான். கூடவே கூட்டத்தின் வருகைப் பதிவேட்டு நகல். முதல் பக்கத்தில் ஒன்பது கையெழுத்து. கடைசிப் பக்கத்தில் கையெழுத்துகள் ஓரம் வரை நெருக்கியடித்துக் கிடந்தன, நடுநடுவே கைரேகைகள். "புதுமை இல்லை" என்று ஒதுக்கினோம். மதிப்பெண் தாளில் புதுமைக்கு இருபது மார்க், கூட்டத்துக்கு ஆள் வந்ததற்கு மார்க் கிடையாது. தாளைப் போட்டது யார் என்று கேட்காதே.

விண்ணப்பம் போட வைத்துக் கொடுக்கிற எந்த விருதிலும் இந்தச் சிக்கல் உண்டு. எழுதத் தெரிந்த ஊர் ஜெயிக்கும். பெரிய ஊருக்கு அதற்கென்றே ஒரு பிரிவு இருக்கும். சின்ன ஊரில் குடிநீர்க் குழாயைப் பார்க்கிறவரேதான் இரவில் விண்ணப்பமும் எழுத வேண்டும். அமெரிக்காவில் தேசிய நகரங்கள் கூட்டமைப்பு 1995 முதல் கொடுத்துவரும் கலாச்சாரப் பன்மை விருதில் மக்கள்தொகை வாரியாகப் பிரித்துத்தான் போட்டி. யாரையும் ஒதுக்காமல் சேர்த்துக்கொள்வதற்கும் பன்மைக்கும் ஐரோப்பிய ஊர்களுக்குக் கொடுக்கிற 'ஐரோப்பியத் தலைநகரம்' விருதிலும் 50,000 பேருக்குக் கீழ் உள்ள ஊர்களுக்குத் தனி வரிசை. உன் குழுவில் அது இல்லையென்றால் முதல் கூட்டத்திலேயே கேள்.

விண்ணப்பமே வாங்காமல் மதிப்பிடுகிற வழியும் ஒன்று இருக்கிறது. தன்பாலீர்ப்பாளர்களையும் திருநர்களையும் நகரங்கள் எப்படி நடத்துகின்றன என்று 'மனித உரிமைப் பிரச்சாரம்' என்ற அமெரிக்க அமைப்பு 2012இல் 137 நகரங்களுக்கு மார்க் போட ஆரம்பித்தது. பிறகு 500க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு விரிந்தது. நகரம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் மார்க் வரும். அதில் எனக்குப் பிடித்தது வேறு ஒன்று: நாங்கள் சட்டத்தையும் கொள்கையையும் சேவைகளையும்தான் அளக்கிறோம், அந்த ஊரில் வாழ்வது எப்படி இருக்கும் என்பதை இல்லை என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். விருதுச் சான்றிதழில் இப்படி ஒரு வரி அச்சடிக்க நம் ஆட்களுக்கு மனசு வருமா?

ஒரு காரியம் செய். ஒவ்வொரு ஊரிடமும் கேட்டு ஒரே ஒரு ஆவணம் வாங்கு: மனுப் பதிவேடு. யார் மனு கொடுத்தார், எத்தனை நாளில் பதில் போனது, தள்ளுபடி செய்தால் என்ன காரணம். மொழி தெரியாதவர், வீடில்லாதவர், கண் தெரியாதவர் பெயர்கள் அதில் வருகின்றனவா என்று பார். பெருமைக்கு நடத்திய பன்மைத் திருவிழாவின் படங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். திருவிழா தப்பில்லை, நானும் போய் ஆடியிருக்கிறேன். ஆனால் மறுநாள் காலை அதே ஆள் அலுவலக ஜன்னலில் நிற்கும்போது என்ன நடக்கிறது என்பது பதிவேட்டில்தான் தெரியும்.

விருதை மொத்தமாகக் கொடுத்துவிடாதீர்கள். பாதிப் பணத்தைப் பிடித்து வைத்து, இரண்டு வருடம் கழித்துப் போய்ப் பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள். பூட்டு தொங்கினால் கொடுக்காதீர்கள். சண்டை வரும். வரட்டும்.

அந்த இரண்டு தாள் விண்ணப்பத்தின் நகலை நான் இன்னும் வைத்திருக்கிறேன். முதல் கூட்டத்துக்கு முன்னால் ஒரு நடை வீட்டுக்கு வா, எடுத்துத் தருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்