எல்லாமே ‘ஹை’ என்றால் எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுகர் பார்க்கும் லேப்களில் கொடுக்கிற ரிப்போர்ட் பற்றி எழுதுகிறேன். எண்களை நான் குறை சொல்லவில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் ‘இயல்பான அளவு’ என்று அச்சிடுகிறார்களே, அதுதான் பிரச்சினை. வெறும் வயிற்றில் பார்க்கிற பாஸ்டிங் 70 முதல் 100, சாப்பிட்டபின் 140க்குள், மூன்று மாதச் சராசரி சொல்லும் ஹெச்பிஏ1சி 5.7க்குக் கீழே. இது சுகர் இல்லாதவர்களுக்கான கணக்கு. நோய் இருக்கிறதா என்று முதல் தடவை பார்க்கிறவருக்கு இது போதும். பாஸ்டிங் 126, ஹெச்பிஏ1சி 6.5, இவற்றைத் தொட்டுவிட்டால் சர்க்கரை நோய். பெரும்பாலும் இன்னொரு தடவை பார்த்துத்தான் டாக்டரும் உறுதி சொல்வார். ஆனால் நோய் உறுதியாகி மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் பொதுவாக டாக்டர்கள் வைக்கும் இலக்கு வேறு. பாஸ்டிங் 80 முதல் 130, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 180க்குள், ஹெச்பிஏ1சி 7க்குள். வயதானவர்களுக்கு 8 வரைகூட விட்டுப் பிடிப்பார்கள். இந்தக் கணக்கு என் கையில் கிடைத்த எந்த ரிப்போர்ட்டிலும் இல்லை.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறவன் நான். சுகர் என்று தெரிந்தபோது எனக்கு ஹெச்பிஏ1சி 8.6. மாத்திரை, நடை, ராத்திரி பரோட்டாவுக்கு முழுக்கு என்று போய், அடுத்த ரிப்போர்ட்டில் பாஸ்டிங் 118, சாப்பிட்டபின் 162, ஹெச்பிஏ1சி 6.8. மூன்றுக்கும் பக்கத்தில் தடித்த எழுத்தில் ‘ஹை’. வீட்டில் மகள் அதைப் பார்த்துவிட்டு, “என்னப்பா, எல்லாமே கூடிப்போச்சு” என்று முகம் வாடிப்போனாள். அதே தாளைப் பார்த்த டாக்டர், “நல்லா இறங்கியிருக்கு, இப்படியே போங்க” என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஒரே தாள்தான். வீட்டில் துக்கம், ஆஸ்பத்திரியில் சந்தோஷம்!

துக்கத்தோடு போனால் பரவாயில்லை. எதிர்க்கடையில் எடை போடுகிற பெரியவர், எழுபதைத் தாண்டியவர், அவருக்கு வந்த ரிப்போர்ட்டில் ஹெச்பிஏ1சி 7.2. அவர் வயதுக்கு நல்ல எண் அது. பேரன் ‘ஹை’ என்று வாசித்துச் சொல்லவும், டாக்டரைக் கேட்காமலே கிளிமிபிரைடு மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டார். மறுநாள் விடியற்காலம், முகூர்த்த நாள் கூட்டம். தராசுக்கு முன்னால் நின்றவர் ஒரே எடையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். குளிர் நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கை நடுக்கத்தில் படிக்கல் நழுவிப் பூக்கூடையில் விழுந்தது. பக்கத்துக் கடைத் தம்பி பையில் குளுக்கோமீட்டர் வைத்திருந்தான். 52. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. டீக்கடையில் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து வாங்கிவந்து குடிக்க வைத்தோம். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் 84. “யாருப்பா என்னை உட்கார வச்சது?” என்று கேட்டார். அப்புறம்தான் இட்லி வாங்கிக் கொடுத்தோம். கையில் மீட்டர் இல்லாமல், விடிஞ்சதும் டாக்டர்கிட்ட போகலாம் என்று விட்டிருந்தால்?

யூரின் சுகர் என்று இன்னொரு வரி வருகிறது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளின் வேலையே சர்க்கரையை மூத்திரம் வழியாக வெளியே தள்ளுவதுதான். அதைச் சாப்பிடுகிறவருக்கு அந்த வரியில் மூன்று பிளஸ் விழத்தான் செய்யும். ரிப்போர்ட்டில் அதற்கும் ‘ஹை’ போட்டால் படிக்கிறவன் என்ன நினைப்பான்?

ஹெச்பிஏ1சி பற்றி மார்க்கெட்டில் பலர் என்னிடம் கேட்கிறார்கள். நான் சொல்வது இதுதான்: இன்றைக்கு மல்லி கிலோ என்ன விலை என்பது பாஸ்டிங், மூன்று மாத விலையின் சராசரி ஹெச்பிஏ1சி. முகூர்த்தத்துக்கு ஆயிரங்களில் போன விலை மறுவாரம் சில நூறுக்கு வந்துவிடும், அதை வைத்து யாரும் வருஷக் கணக்கு போட மாட்டார்கள். ஹெச்பிஏ1சி 6.8 என்றால் சராசரி சுமார் 148. என் பாஸ்டிங் 118தானே, எங்கே தப்பு என்று தேட வேண்டியதில்லை. ஆனால் இந்தச் சராசரியும் சில பேரிடம் பிசகும். ரத்தத்தில் சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள், அதில் ஒட்டுகிற சர்க்கரையைத்தான் இந்த டெஸ்ட் அளக்கிறது. எங்கள் கடைக்குப் பூக்கட்டும் அக்கா ஒருவருக்கு பாஸ்டிங் 92, ஹெச்பிஏ1சி மட்டும் 6.3. டாக்டர் ஹீமோகுளோபின் பார்த்தார், 8தான் இருந்தது. இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் ஹெச்பிஏ1சி பொய்யாகக் கூடிக் காட்டும் என்று முதலில் ரத்தசோகைக்கு மருந்து கொடுத்தார். அக்கா அதற்குள் காப்பிக்குச் சர்க்கரையை நிறுத்தியிருந்தார். (அது நல்லதுதான் என்று வையுங்கள்.)

வீட்டு மீட்டருக்கும் லேபுக்கும் பத்து, இருபது வித்தியாசம் வந்தால் லேபோடு சண்டைக்குப் போகிறவர்களும் உண்டு. நூறுக்கு மேல் 15 சதவீதம் வரை முன்பின் காட்டினால் மீட்டர் தரமானது என்றே எடுத்துக்கொள்கிறார்கள். 150க்கு 135ம் வரும், 165ம் வரும். வாழைப்பழம் உரித்த கையைக் கழுவாமல் குத்தினால் அதற்கு மேலும் வரும்.

லேப்காரர்கள் நேரத்தையும் குறித்துவைக்க வேண்டும். எங்கள் ஆட்கள் ராத்திரி இரண்டு மணிக்கே கடைக்கு வந்து டீ குடித்துவிட்டு, ஏழு மணிக்குப் போய் “ஒண்ணும் சாப்பிடலை” என்பார்கள். பொய் சொல்லவில்லை, டீயைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான். பாஸ்டிங்குக்கு குறைந்தது எட்டு மணி நேரம் தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது. சாப்பிட்டபின் எடுப்பதற்கு முதல் வாய் வைத்த நேரத்தில் இருந்து இரண்டு மணி நேரம். உசிலம்பட்டி, திருமங்கலம் பஸ் பிடிக்க வேண்டும் என்று ஒன்றேகால் மணி நேரத்திலேயே கையை நீட்டுகிறார்கள், எடுக்கிறவரும் கேட்பதில்லை. கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டார், எப்போது ரத்தம் எடுத்தோம் என்று இரண்டு நேரத்தை அச்சிட்டால் பார்க்கிற டாக்டருக்கும் விவரம் புரியும்.

லேப் நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது கம்ப்யூட்டரில் சில வரிகள்தான். ‘சுகருக்கு மருந்து எடுப்பவர்’ என்று ஒரு கட்டம். அதில் டிக் அடித்தால் அவருக்கான இலக்கு தமிழில் வர வேண்டும், ‘டாக்டரைக் கேட்காமல் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்’ என்ற வரியோடு. டாக்டர்களும் சீட்டில் ‘உங்கள் இலக்கு இவ்வளவு’ என்று கையால் எழுதித் தரலாம். 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து சுகர் பார்த்து மாத்திரை தருகிறார்கள். அவர்கள் எண்ணைச் சொல்லும்போது இலக்கையும் சேர்த்துச் சொல்லும்படி சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
கமிஷன் கடைக் கணக்கர்,
மாட்டுத்தாவணி, மதுரை.