பழைய குடில் ஷீட்டைக் கொளுத்த வேண்டாம்: நர்சரி நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவள் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், நாங்கள் விசாரித்ததாக அவளிடம் சொல். உன் முதுகுவலியைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை, அடுத்த கடிதத்தில் அதையும் எழுது. நான் நன்றாக இருக்கிறேன். பழைய பிளாஸ்டிக் ஷீட்டைக் கழுவி, அரைத்து, உருக்கிக் குருணையாக்கும் ஆலையில்தான் இன்னும் வேலை. இப்போது சரக்கு எடுக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருப்பதால், வந்து இறங்கும் ஒவ்வொரு லோடையும் பிரித்துப் பார்த்து ‘இது ஆகும், இது ஆகாது’ என்று சொல்வதே நாள் முழுக்க வேலை.

நீ போகிறபோக்கில் கேட்டிருந்த ஒரு கேள்விதான் என்னை உட்கார்ந்து எழுத வைக்கிறது. உன் பசுமைக்குடில்களின் கூரை பாலித்தீன் ஷீட்டை மாற்றப் போகிறாய், கழற்றியதைக் கொளுத்திவிடலாமா, இல்லை குழி தோண்டிப் புதைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். இரண்டும் வேண்டாம். திறந்த வெளியில் பாலித்தீன் முழுதாக எரியாது. கரும்புகையும் கார்பன் மோனாக்சைடும் வரும், புகையோடு புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சேர்மங்களும் வரும். அதில் ஒட்டியிருக்கும் பூச்சிமருந்தும் சேர்ந்து எரியும். நடுவே பிவிசி துண்டு ஏதாவது கிடந்தால் டையாக்ஸின் என்ற கொடிய நச்சு வேறு. அதை முதலில் சுவாசிப்பது நீயும் உன்னிடம் வேலை செய்பவர்களும்தான். புதைத்தால் மட்காது, கிழிந்து பொடிப்பொடியாகி மண்ணிலேயே கிடந்து தண்ணீர் இறங்குவதையும் வேர் ஓடுவதையும் தடுக்கும்.

அதோடு நீ கொளுத்த நினைப்பது நல்ல சரக்கு. 200 மைக்ரான், அதாவது 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஷீட் ஒரு சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 184 கிராம் இருக்கும். ஒரு ஹெக்டேர் தரையை மூடும் அளவுக்கே 1.8 டன் வரும், கூரையின் வளைவையும் பக்கச் சுவர்களையும் சேர்த்தால் 2 டன்னைத் தாண்டிவிடும். உலகம் முழுக்க விவசாய உற்பத்தியில் ஆண்டுக்கு 12.5 மில்லியன் டன் பிளாஸ்டிக் பயன்படுகிறது என்று ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2021ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. குடில் ஷீட், செடிகளைச் சுற்றி மண்மேல் விரிக்கும் நிலப்போர்வை, தீவனப்புல் மூடும் ஷீட் இந்த மூன்றின் தேவை மட்டும் 2018ல் இருந்த 6.1 மில்லியன் டன்னிலிருந்து 2030ல் 9.5 மில்லியன் டன்னாக உயரும் என்பது அதே அறிக்கையின் கணிப்பு. இவ்வளவும் எங்கேயாவது போய்ச் சேர்ந்துதானே ஆக வேண்டும்?

இதில் உனக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. விவசாயத்தில் கழியும் ஷீட்டுகளில் எங்களுக்கு மிகவும் பிடித்தது குடில் கூரை ஷீட்தான். தடிமனாக இருக்கும், பெரிய பெரிய அகலத்தில் வரும், தரையில் படாமல் உயரத்தில் கிடந்ததால் மண் குறைவு. இதற்கு நேர் எதிர் நிலப்போர்வை. 25 மைக்ரான் தடிமன்கூட பல நேரம் இருக்காது. மண்ணோடு ஒட்டிக் கிடந்து, செடியின் தண்டும் வேரும் ஈரமும் சேர்ந்து வருவதால், ஷீட்டின் எடையைவிட அழுக்கின் எடை அதிகமாக இருப்பது சாதாரணம். அப்படிப்பட்ட லோடு வந்தால் பாதி லாரி மண்ணைக் கழுவத்தான் தண்ணீரும் மின்சாரமும் போகும். ரொம்பவும் மெல்லியதாக இருந்தால் வயலிலிருந்து எடுக்கும்போதே கிழிந்து பாதி மண்ணுக்குள் தங்கிவிடும். சீனாவில் இந்தத் தொல்லை பெரிதாகி, 2017ல் கொண்டுவந்த தரவிதியில் நிலப்போர்வையின் குறைந்தபட்சத் தடிமனை 8 மைக்ரானிலிருந்து 10 மைக்ரானாக உயர்த்தினார்கள். கிழியாமல் திரும்ப எடுக்க முடிந்தால்தானே மறுசுழற்சி என்ற பேச்சே வரும்.

இந்த வேலைக்கு வந்த பிறகு எனக்கு நன்றாக விளங்கிய ஒன்றைச் சொல்கிறேன். ஒரு ஷீட் மறுசுழற்சி ஆகுமா ஆகாதா என்பது அது குடிலிலிருந்து இறங்கும் அன்றே முடிவாகிவிடுகிறது. ஆலையில் எவ்வளவு நல்ல இயந்திரம் இருந்தாலும் அன்று நடந்த தவறைச் சரிசெய்வது கஷ்டம்.

ஏன் என்று சொல்கிறேன். வந்த ஷீட்டைத் துண்டு துண்டாக வெட்டித் தண்ணீர்த் தொட்டியில் விடுவோம். பாலித்தீன் தண்ணீரைவிட லேசு, மிதக்கும். மண், கல், ஆணி எல்லாம் கீழே போய்விடும். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது, ஆனால் கூரையைக் கட்டிய கயிறு பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன், அதுவும் மிதக்கும், ஷீட்டோடு சேர்ந்தே வந்துவிடும். இரண்டும் உருகும் சூடு வேறு வேறு, உருகினாலும் ஒன்றோடொன்று சரியாகக் கலக்காது, குருணையின் வலு குறையும். பிவிசி மூழ்கத்தான் செய்யும், ஆனால் மடிப்புக்குள் சிக்கிய சின்னத் துண்டு ஒன்று தப்பித்து உருக்கும் இயந்திரத்துக்குள் போனால், அந்தச் சூட்டில் சிதைந்து அமில வாயுவை விட்டு இரும்பையே அரித்துவிடும். நுண்மணல் இன்னொரு எதிரி. வெட்டும் கத்திகளைத் தேய்க்கும், உருகிய பிளாஸ்டிக்கை வடிக்கும் சல்லடையை அடைக்கும், சல்லடை மாற்றுவதற்கே ஆள் நிற்க வேண்டியிருக்கும். அப்புறம் ஈரம். மெல்லிய ஷீட்டின் மடிப்புகளில் தங்கும் தண்ணீரைச் சுழற்றியும் பிழிந்தும்தான் எடுக்க வேண்டும், மிச்சம் இருந்தால் குருணைக்குள் குமிழி விழும், அந்தக் குருணையில் எந்தப் பொருள் செய்தாலும் ஓட்டை விழும்.

அதனால் நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், கேள். ஈரமில்லாத, காற்று அதிகமில்லாத நாளாகப் பார். ஷீட் மேலே இருக்கும்போதே தூசியையும் சருகையும் பெருக்கித் தள்ளிவிடு, கீழே வந்தபிறகு அது நடக்காது. நிழலுக்காகச் சுண்ணாம்பு அடித்திருந்தால் முடிந்தவரை கழுவிக் காயவிடு. ஷீட்டைச் சட்டத்தில் பிடித்திருக்கும் ஸிக்ஸாக் கம்பி, கிளிப், ஆணி, ஒட்டுப்போட்ட டேப், கயிறு எல்லாவற்றையும் கழற்று. டேப் ஒட்டிய இடத்தைப் பிய்க்க வராவிட்டால் அந்தத் துண்டையே வெட்டி எறி, நஷ்டமில்லை. இறக்கும்போது தரையில் இழுக்க வேண்டாம் என்று ஆட்களிடம் கண்டிப்பாகச் சொல், ஏனென்றால் ஐந்து நிமிடம் இழுத்தால் அத்தனை வருடம் சேராத மண் அதில் சேர்ந்துவிடும். நீளவாக்கில் மடித்துச் சுருட்டி, கட்டுவதற்குக் கம்பியோ சாக்குக் கயிறோ எடுக்காமல் அதே ஷீட்டில் ஒரு பட்டையைக் கிழித்துக் கட்டு. தரையில் படாமல் பலகைமேல் அடுக்கி, மழை படாமல் மூடி வை. தெளிவான ஷீட், வெள்ளை, கறுப்பு மூன்றையும் தனித்தனியாக வை. நிழல்வலை, சொட்டுநீர்க் குழாய், நாற்று வளர்க்கும் குழித்தட்டு, தொட்டி, மருந்து பாட்டில் எதையும் இதோடு சேர்க்காதே. ஒவ்வொன்றும் வேறு வகை பிளாஸ்டிக், அவற்றுக்கு வேறு வழி உண்டு.

எப்போது கழற்றுகிறாய் என்பதும் முக்கியம். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பாலித்தீனின் நீண்ட சங்கிலிகளை வெட்டிக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்கத்தான் ஷீட்டில் நிலைப்படுத்திகள் சேர்க்கிறார்கள், அதன் பலத்தில்தான் 3, 4 வருடம் தாங்குகிறது. கந்தகமும் குளோரினும் உள்ள மருந்துகளை உள்ளே தெளித்தால் அந்த நிலைப்படுத்திகள் சீக்கிரம் செயலிழந்துவிடும், நீ கந்தகப் புகை போடுகிறாயா என்று எழுது. இன்னொன்று, ஷீட் எப்போதும் முதலில் இற்றுப்போவது இரும்புக் குழாயில் படும் இடத்தில்தான், வெயிலில் குழாய் கொதித்து அந்த வரியை மட்டும் வாட்டிவிடும். புது ஷீட் போடும் முன் குழாயின் மேற்புறத்துக்கு வெள்ளை பெயின்ட் அடித்துவிடு, செலவு சிறியது, ஷீட்டின் ஆயுள் கூடும்.

காற்றில் கிழியும்வரை விட்டுவைக்காதே. மடித்தால் முறியும் அளவுக்கு நொறுங்கிய ஷீட்டை நான் வாங்க முடியாது, அது உருகி வந்தாலும் வலுவிருக்காது. கிழிந்து பறப்பது இன்னும் மோசம். ஸ்பெயினின் தெற்கில் அல்மேரியா பகுதியில் சுமார் 30,000 ஹெக்டேருக்குப் பசுமைக்குடில்கள் இருக்கின்றன, விண்வெளியிலிருந்தே வெள்ளையாகத் தெரியும். அங்கிருந்து அதிக தூரமில்லாத கிரனாடா கடற்கரையில் 2012ல் ஒரு ஸ்பெர்ம் திமிங்கிலம் செத்து ஒதுங்கியது. வயிற்றுக்குள் 15 கிலோவுக்கு மேல் பிளாஸ்டிக், அதில் பெரும்பகுதி குடில் ஷீட், பூந்தொட்டியும் குழாயும்கூட இருந்தன. இதை ஆராய்ந்தவர்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு மனசே ஆறவில்லை. நம் தொழிலில் எல்லோரும் தினமும் கையாளும் சாமான்கள்தான் அவை.

‘தானே மட்கும்’ ஷீட் என்று யாரோ விற்க வந்ததாக எழுதியிருந்தாய். அது எந்த வகை என்று முதலில் கேள். ஆக்ஸோ வகை என்றால் வாங்காதே, அது சாதாரண பாலித்தீனில் உதிரவைக்கும் மருந்தைக் கலந்தது, கண்ணுக்குத் தெரியாத துண்டுகளாக உடைந்து மண்ணில் கிடக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையிலிருந்து அதைச் சந்தைக்குக் கொண்டுவரவே தடை போட்டுவிட்டது. எங்கள் லோடில் கொஞ்சம் கலந்தாலும் நாங்கள் செய்யும் பொருளும் காலத்துக்கு முன்பே உதிர ஆரம்பித்துவிடும். நிஜமாகவே மண்ணில் மட்கும் நிலப்போர்வையும் இருக்கிறது, அது உழுது மண்ணிலேயே விடுவதற்கானது. அதற்கு ஐரோப்பாவில் 2018ல் தனித் தரநிர்ணயமே வந்துவிட்டது. பாலித்தீனோடு அதையும் சேர்க்கக் கூடாது.

சரி, குருணையிலிருந்து என்னதான் செய்கிறார்கள் என்று கேட்பாய். மறுபடி குடில் கூரையாக ஆக்குவது அரிது, ஏனென்றால் ஒளி ஊடுருவும் தெளிவும் பழைய வலுவும் திரும்ப வராது. குப்பைப் பைகள், பாசனக் குழாய், கட்டடத் தரைக்கு அடியில் விரிக்கும் ஷீட், வேலிக் கம்பம், பலகை என்றுதான் போகிறது. இதைத் தரம் இறங்குவதாகச் சிலர் குறைசொல்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. இல்லாவிட்டால் அந்தக் குழாயையும் கம்பத்தையும் செய்யப் புது பிளாஸ்டிக்கைத்தானே எடுத்திருப்பார்கள்?

எனக்கு நிஜமாகவே கோபம் வருவது வேறு இடத்தில். ஷீட்டை விற்பவர்கள் விற்றதோடு கை கழுவிவிடுகிறார்கள், கழற்றுவது, சேர்ப்பது, ஏற்றி அனுப்புவது எல்லாம் உன்னைப் போன்றவர்கள் தலையில். அயர்லாந்தில் 1997லேயே பண்ணை பிளாஸ்டிக்குக்குச் சட்டம் போட்டு, விற்பவர்களைத் திரும்பப் பெறும் பொறுப்புக்குள் கொண்டுவந்தார்கள். பிரான்சில் 2001ல் தொடங்கிய அடிவலோர் என்ற அமைப்பு, முதலில் காலி மருந்துக் கலன்களைச் சேர்த்து, பிறகு ஷீட்டுகளையும் சேர்க்கிறது. எல்லா இடத்திலும் இப்படி வர வேண்டும். அதுவரை நீ ஒன்று செய்யலாம், புது ஷீட் வாங்கும்போதே ‘பழையதைத் திரும்ப எடுப்பீர்களா’ என்று எழுத்தில் கேள். பக்கத்து நர்சரிக்காரர்களும் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

அவர்களையும் சேர்த்துக்கொள். சின்ன நர்சரி ஒன்றிலிருந்து மட்டும் லாரி அனுப்பினால் கட்டாது, சுருட்டாத ஷீட் என்றால் லாரி முழுக்கக் காற்றுதான் போகும். நாலைந்து பேர் ஒரே வாரத்தில் கழற்றி, ஒரே இடத்தில் சேர்த்து, முடிந்தால் அழுத்திக் கட்டும் இயந்திரத்தில் பொதியாக்கிவிட்டால் எந்த ஆலையும் வாங்கும்.

ஷீட்டின் ஓரத்தில் வகையும் தடிமனும் அச்சாகியிருக்கும், அதைப் போட்டோ எடுத்து அனுப்பு. ஈ.வி.ஏ. என்ற வேறொரு பிளாஸ்டிக் கலந்த பல அடுக்கு ஷீட் என்றால் தனியாக எடுக்க வேண்டியிருக்கும். எந்த வருடம் போட்டது, மடித்தால் முறிகிறதா என்பதையும் எழுது. தேதி வைத்ததும் சொல், முடிந்தால் நானே வந்து ஆட்களோடு நின்று இறக்கித் தருகிறேன்.

உன் பழைய தோழன்