தோடம்பழத்தின் முகம்

பலேர்மோ,
மார்ச் 24

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். நீங்களும் அம்மாவும் தங்கச்சி குடும்பமும் சுகமாக இருக்கக் கடவுளைக் கும்பிடுகிறேன். கண் ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது என்று தங்கச்சி போனில் சொன்னாள். கட்டு அவிழ்த்த அன்றைக்கு முற்றத்தில் நின்று, "நிறமெல்லாம் கழுவி விட்ட மாதிரிக் கிடக்கு" என்று சொன்னீர்களாம். அதைக் கேட்டதிலிருந்து உங்களுக்கு ஏதாவது நிறமான சாமான் அனுப்ப வேண்டும் என்ற எண்ணம்தான். போனில் அனுப்பினால் நீங்கள் மதிக்க மாட்டீர்கள். ஆகவே பன்னிரண்டு படத்தைக் கடையில் கழுவுவித்து, பின்பக்கம் இலக்கம் போட்டு, இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். பன்னிரண்டிலும் தோடம்பழம் இருக்கிறது.

எங்கள் வீட்டில் தோடம்பழம் எப்போது வாங்கினோம்? ஆசுப்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போகும்போது வாங்கினோம். நான்கு பழம், ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல். அதில் ஒன்று எங்களுக்கும் கிடைக்காதா என்று நானும் தங்கச்சியும் பையைப் பார்த்துக்கொண்டே நடப்போம். இங்கே மார்கழி தொடங்கிச் சித்திரை வரை தெருவெல்லாம் அந்தப் பழம்தான். வான் வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்துப் பெட்டி பெட்டியாக விற்கிறார்கள். இலையோடு சேர்த்து வெட்டிய பழத்துக்குத்தான் மதிப்பு. இலை வாடாமல் இருந்தால் பழம் மரத்திலிருந்து இறங்கி அதிக நாளாகவில்லை என்று அர்த்தம்.

பெயரைக் கேட்டால் உங்களுக்குப் பிடிக்கும். இங்கிலீஷில் ஒரேஞ், இத்தாலி பாஷையில் அரான்சா. அது அரபியின் நாரஞ்சிலிருந்து வந்தது, அதற்கு முன் பாரசீகத்தில் நாரங், சமஸ்கிருதத்தில் நாரங்க. அதற்கும் வேர் எங்கள் பக்கத்துப் பாஷைகளில், நாரத்தங்காயில் வந்து நிற்கிறது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். அம்மா ஊறுகாய் போடுகிற நாரத்தங்காய்தான்! அரபிக்காரர் இந்தச் சிசிலித் தீவை ஆண்ட காலத்தில் கொண்டுவந்தது கைப்புத் தோடை. அது இப்போதும் தெருவோரம் காய்த்துக் கிடக்கிறது, யாரும் பிடுங்கிச் சாப்பிடுவதில்லை. இனிப்புத் தோடை பிந்தித்தான் பரவியது, போர்த்துக்கேயர் மூலம். அதனால் இங்கத்தைய கிழவர்கள் அரான்சா என்றே சொல்வதில்லை, "பர்த்துவால்லு" என்பார்கள். போர்த்துக்கல் என்ற பெயர்தான் அப்படித் திரிந்துபோய்க் கிடக்கிறது. யாழ்ப்பாணத்தை 1619இல் பிடித்த அதே போர்த்துக்கேயர், இங்கே ஒரு பழத்துக்குப் பெயராகி நிற்கிறார்கள்.

1, 2, 3ஆம் படங்கள் பல்லரோ சந்தை. எங்கள் ஆக்கள் அதிகம் புழங்குகிற இடம் அது. முருங்கைக்காயும் வாங்கலாம், தமிழிலும் விலை கேட்கலாம். கடைகளுக்கு மேலே சிவப்புத் துணி கட்டியிருப்பார்கள். வெயில் அதுக்குள்ளால் இறங்கும்போது மீன், இறைச்சி, விற்கிறவன் முகம் எல்லாமே சிவந்துவிடும். முதல் வருஷம் நான் அதைத் திருத்தப் பார்த்தேன். வெள்ளைத் தாளைப் பிடித்துக் கமராவின் வைட் பேலன்ஸைச் சரிபண்ணினால் பழத்தின் நிறம் சரியாக வரும், ஆனால் சந்தை போய்விடும். ஆஸ்பத்திரி மேசையில் வைத்த பழம் மாதிரி இருக்கும். இப்போது வெயில் வெளிச்சத்துக்கு வைத்துவிட்டுத் துணியின் சிவப்பை அப்படியே விட்டுவிடுகிறேன். ஆனால் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துத்தான் எடுக்க வேண்டும். தோடம்பழத்தில் சிவப்புத்தான் முதலில் நிரம்பி வழியும். கமரா தன்பாட்டில் அளந்து எடுத்தால் தோலின் சின்னக் குழியெல்லாம் அழிந்து, பழம் பிளாஸ்டிக் பந்தாகிவிடும். அரை ஸ்டொப்பிலிருந்து ஒரு ஸ்டொப் வரை குறைத்தால் தோல் திரும்பி வருகிறது.

இந்த நகரத்துச் சந்தையைக் குத்தூசோ என்ற ஓவியர் 1974இல் வரைந்திருக்கிறார். "வுச்சீரியா" என்று பெயர், அது பல்லரோவுக்குக் கிட்ட உள்ள இன்னொரு சந்தை. மூன்று மீற்றருக்கு மூன்று மீற்றர். ஸ்தேரி மாளிகையில் வைத்திருக்கிறார்கள். பழமும் மீனும் இறைச்சியும் இடமில்லாமல் அடுக்கி, நடுவில் ஒடுங்கிய பாதையில் சனம் உரசிக்கொண்டு போகிறது. அதன் முன்னால் நான் ஒரு மணித்தியாலம் நின்றேன். பழத்தைத் தனியாகவும் சனத்தைத் தனியாகவும் பார்க்கத் தேவையில்லை என்று அன்றைக்கு விளங்கியது.

4 முதல் 7 வரை வீட்டுக்குள் எடுத்தவை. மேசையில் வைத்து எடுக்கிற இந்த வகைப் படத்துக்கு இத்தாலியில் நத்தூரா மோர்த்தா என்று பெயர், செத்த இயற்கை என்று அர்த்தம். பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. கிளையிலிருந்து பிரிந்த பிறகும் நாலு நாளைக்கு மணம் விட்டுக்கொண்டிருக்கிற ஒன்றைச் செத்தது என்று எப்படிச் சொல்வது?

நான் வேலைக்குப் போகிற வீட்டுச் சிஞோராவுக்கு எண்பத்தாறு வயது. மத்தியானம் அவ படுத்த பிறகு குசினி எனக்கு. வடக்குப் பக்க யன்னல், நேர் வெயில் வராது. உங்கள் ஸ்டூடியோவில் நீங்கள் வெள்ளை வேட்டி கட்டி வெளிச்சத்தை மெதுவாக்குவீர்களே, அப்படியான வெளிச்சம் எனக்குச் சும்மா கிடைக்கிறது. பின்னால் கறுத்தத் துணி, வலப்பக்கம் ஒரு வெள்ளை மட்டை. அடையாள அட்டைக்கு வருகிறவர்களை ஸ்டூலில் இருத்தி, நாடியைப் பிடித்துத் திருப்பி, "ஒரு கன்னத்தை வெளிச்சத்திட்டக் குடு, மற்றதை இருட்டிட்ட விடு" என்பீர்கள். பழத்தையும் அப்படித்தான் திருப்பி வைக்கிறேன். முன்னால் வெளிச்சம் அடித்தால் பழத்துக்கு முகமே இல்லை. பக்கவாட்டில் விழுந்தால் ஒவ்வொரு குழிக்கும் ஒரு சின்ன நிழல் விழுந்து தோல் எழும்பி நிற்கிறது.

5ஆம் படத்தைக் கிட்ட வைத்துப் பாருங்கள். பழத்தைச் சுற்றியிருப்பது சிகரெட் பெட்டிக்குள் வருமே, அந்த மாதிரி மெல்லிய தாள். முந்தி நல்ல பழங்களை ஒவ்வொன்றாக இப்படிச் சுற்றி அனுப்புவார்களாம், இப்போதும் சில பெட்டிகளில் வருகிறது. தாளில் நீலத்தில் ஒரு பெண்ணின் முகம் அச்சிட்டிருக்கிறது. பாதி தாளை விரித்தேன், அது கையில் சரசரத்தது. நீலத்துக்குப் பக்கத்தில் அந்த மஞ்சள் சிவப்பு எப்படி எரிகிறது என்று பாருங்கள். தாளில் சில இடம் பழத்தின் எண்ணெய் ஊறிக் கண்ணாடியாகி, தோல் தெரிகிறது.

6, மோரோ என்கிற இனம். வெளியில் சாதாரணப் பழம், வெட்டினால் உள்ளே நாவற்பழ நிறம். எத்னா எரிமலையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பகல் வெயிலும் இரவுக் குளிரும் மாறிமாறி அடிப்பதால்தான் அந்தச் சிவப்பு ஏறுகிறது. தரோக்கோ என்று இன்னொன்று, அதில் சிவப்பு அங்கங்கே தீற்றினது போலத்தான் இருக்கும், தின்ன அதுதான் ருசி. வெட்டின உடனே எடுக்க வேண்டும். பத்து நிமிஷம் போனால் ஈரம் காய்ந்து, சுளைத்தோல் வெளுத்துவிடுகிறது. சிஞோரா எழும்பி வந்து, படம் எடுத்து முடிந்த பழத்தை வெங்காயம், ஒலிவ் எண்ணெய், உப்புப் போட்டுச் சாப்பிடுவா. தோடம்பழத்துக்கு வெங்காயமா என்று முதல் நாள் முகத்தைச் சுளித்தேன். இப்போது நான்தான் வெட்டிக் கொடுக்கிறேன், இருவரும் சாப்பிடுகிறோம்.

8, 9, 10 வடக்கே எடுத்தவை. இவ்ரேயா என்ற ஊர். தூரினுக்குப் பிளேனில் போய் அங்கிருந்து றெயின். தவக்காலத்துக்கு முந்தின ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் அந்த ஊர்ச் சனம் தோடம்பழத்தால் சண்டை பிடிக்கிறது. பழைய காலத்தில் கொடுங்கோலன் ஒருவனை ஒரு மில்காரனின் மகள் கொன்றாள், ஊர் கிளர்ந்தது என்பது கதை. குதிரை பூட்டிய வண்டிகளில் நிற்பவர்கள் கொடுங்கோலனின் ஆட்கள், தோல் தலைக்கவசத்துக்குள் மூஞ்சி தெரியாது. கீழே ஒன்பது அணிகள், ஊர்ச்சனம், முகத்துக்கு ஒன்றும் போடுவதில்லை. எங்களைப் போலப் பார்க்க வருகிறவர்கள் சிவப்புக் குல்லாய் போட வேண்டும், போட்டால் வேண்டுமென்று எறிய மாட்டார்கள். நான் போட்டிருந்தேன். ஆனாலும் தவறி வந்த ஒன்று தோளில் பட்டு இரண்டு கிழமை நீலமாய்க் கிடந்தது. அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம்.

கமராவைப் பொலித்தீன் பையில் கட்டி, லென்ஸ் மட்டும் வெளியே தெரிய வைத்தேன். செக்கனில் ஆயிரத்திலொரு பங்கு, சில வேளை இரண்டாயிரத்திலொரு பங்கு ஷட்டர். அதுக்குக் குறைந்தால் பறக்கிற பழம் வெறும் கோடுதான். 9இல் ஒரு பழம் கவசத்தில் பட்டு உடைகிறது. சாறு குடை மாதிரி விரிந்து நிற்கிறது, ஒவ்வொரு துளிக்குள்ளும் ஒரு துண்டு வானம். அந்த ஒரு படத்துக்காக அறுநூறு தரம் அமத்தியிருப்பேன்.

ஆனால் உண்மையைச் சொன்னால், முதல் நாள் ஒரு மணித்தியாலம் கமராவைத் தூக்க மனம் வரவில்லை அப்பா. முழங்கால் அளவு பழக்கூழ், குதிரைச் சாணத்தோடு கலந்து நாறுகிறது. உடையாத பழங்களும் அதுக்குள் கிடந்தன. ஒன்றை எடுத்துத் துடைத்துப் பையில் வைத்தேன். கலாப்ரியா என்று பெட்டிகளில் அச்சிட்டிருந்தது, தெற்கிலிருந்து ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் வந்து மண்ணில் கிடக்கிறது. சந்தையில் விலைபோகாத பழம்தான் கொண்டுவருகிறோம், முடிந்த பிறகு கூட்டி அள்ளிப் பசளையாக்குகிறோம் என்று பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார். சரியாகத்தான் இருக்கும். எனக்கு ஆசுப்பத்திரிப் பையில் இருந்த நான்கு பழம்தான் கண்ணுக்குள் நின்றது.

பிறகு 10இல் இருக்கிற ஆளைக் கண்டேன். சண்டை ஓய்ந்து வண்டி புறப்படுகிற நேரம். கண்ணுக்குக் கீழே வீங்கிப் போயிருக்கிறது, தாடியில் சுளைத்துண்டு ஒட்டியிருக்கிறது. தன்னை அடித்தவனுக்கு வண்டியை எட்டிக் கை கொடுக்கிறார். மேலே இருந்தவன் கவசத்தைக் கழற்றிவிட்டுக் குனிந்து கை கொடுக்கிறான். மாலை வெயில் பக்கவாட்டில். ஒரு கன்னம் வெளிச்சத்தில், ஒரு கன்னம் இருட்டில். நான் ஒன்றும் திருப்பி வைக்கவில்லை.

11உம் 12உம் போன கிழமை, 19ஆம் திகதி, சூசையப்பர் திருநாளில் எடுத்தவை. பலேர்மோவிலிருந்து தென்மேற்கே சாலெமி என்ற மலையூர். வீடுகளுக்குள் மரச்சட்டத்தில் சின்னக் கோயில் கட்டி, பச்சை இலையால் முழுக்க மூடி, அதில் தோடம்பழமும் எலுமிச்சம்பழமும் தொங்கவிடுகிறார்கள். இடையிடையே பூ, மயில், சூரியன் என்று வடிவம் வடிவமாகப் பாண் சுட்டுக் கட்டியிருக்கிறார்கள். வாசலில் நின்றவுடன் எனக்குத் திருவிழாவுக்கு வாழை கட்டித் தோரணம் தொங்கவிட்ட பந்தல்தான் ஞாபகம் வந்தது. ஒரு கிழவி கதிரையில் ஏறி நின்று, கழன்று விழுந்த பழத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தா. 12 அவவின் கைகள்தான். நரம்பு ஓடிய கை, நூல், பழம்.

அம்மாவிடம் சொல்லுங்கள், மாசத்தில் ஒருக்கால் மொன்டே பெல்லெக்ரினோ மலைக்கு ஏறி, இந்த ஊர்க் காவல் புனிதை சாந்தா ரோசாலியாவைக் கும்பிடுகிறேன். சைவம், கிறிஸ்தவ வேதம் என்று பாராமல் எங்கள் சனம் எல்லாம் ஏறுகிறது. உங்கள் கண்ணுக்கும் அங்கே மெழுகுதிரி கொளுத்தினேன்.

கடைசியாக ஒரு காரியம். 7ஆம் படத்தில் வலப்பக்கம் எனக்குக் கறுப்புக் கூடிப்போய்த் தெரிகிறது. மட்டையை இன்னும் கிட்டக் கொண்டுவந்திருக்க வேண்டுமோ, அல்லது அப்படியே விடுவதுதான் சரியோ தெரியவில்லை. புதுக்கண்ணால் வெளியே வெயிலில் வைத்துப் பார்த்துவிட்டு, படத்தின் பின்பக்கத்திலேயே பென்சிலால் எழுதித் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்