திங்கட்கிழமை வயிற்று வலி நடிப்பல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இரவு தொடங்கும் வயிற்று வலி, திங்கள் காலை பள்ளி வேன் வரும்போது குமட்டலாகி, பத்து மணிக்கெல்லாம் தணிந்துவிடும். "நடிக்கிறான்" என்று பிரம்பை எடுக்கும் வீடுகள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் இன்னும் உண்டு. வலி உண்மையானது. பயம் குடலையும் பிடிக்கும்.

2020 மார்ச் 18இல் மலேசியாவில் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது, முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்து இரண்டரை மாதம்தான் ஆகியிருந்தது. அதன்பின் பல லயத்து வீடுகளில் ஒரே கைப்பேசிதான். அப்பா செம்பனைக் குலை வெட்டிவிட்டுத் திரும்பிய பிறகே பிள்ளைகள் முறை வைத்துப் பாடம் பார்த்தார்கள். தூக்கம் நள்ளிரவுக்குத் தள்ளிப்போனது. 2021இல் உணவு உதவி கேட்டு வெள்ளைக் கொடி ஏற்றிய வீடுகளில், அரிசி டின் காலியாவதைப் பிள்ளைகளும் பார்த்தார்கள். சுகாதார அமைச்சின் தேசிய சுகாதார ஆய்வில், 5 முதல் 15 வயதினரிடையே மனநலச் சிக்கல் 2019இல் 7.9 விழுக்காடு, 2023இல் 16.5.

பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளை பல சமயம் பள்ளிக்குப் பயப்படுவதில்லை. தான் இல்லாத நேரத்தில் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்றுதான் பயப்படுகிறது. அதனால் சொல்லாமல் நழுவிப் போகாதீர்கள். "ஒன்றேகாலுக்கு வேன் நிற்கும் இடத்தில் இருப்பேன்" என்று நேரத்தைச் சொல்லி, அங்கே நில்லுங்கள்.

முதலில் கிளினிக்கில் காட்டுங்கள். காய்ச்சல், எடைக் குறைவு, நடுத்தூக்கத்தில் எழுப்பும் வலி இருந்தால் அது வேறு நோயாக இருக்கலாம். இல்லையென்றால் வீட்டில் நிறுத்தாதீர்கள்: நிறுத்தியதும் வரும் நிம்மதிதான் மறுநாள் பயத்துக்குத் தீனி. பள்ளியோடு பேசி, இரண்டு நாள் சீருடையில் வாசல்வரை, பிறகு ஓய்வு நேரம்வரை, பிறகு முழு நாள் என்று ஏற்றுங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: மூன்றாம் நாளே முழு நாளுக்குத் தள்ளுகிறார்கள், அழுதால் மொத்தமாக விட்டுவிடுகிறார்கள். ஒரு படி இறங்கினால் போதும்.

தூக்கத்தைச் சரிசெய்ய, படுக்கும் நேரத்தைவிட எழும் நேரத்தைப் பிடியுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னதாக எழுப்புங்கள். சனி ஞாயிறும் அப்படியே. கைப்பேசி இரவு ஒன்பதுக்கு அடுக்களையில் சார்ஜ் ஆகட்டும், அப்பாவுடையதும் சேர்த்து.

இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு நீடித்தால் அரசாங்கக் கிளினிக்கில் மனநலப் பரிசோதனை கேளுங்கள். "நான் இல்லாவிட்டால் நல்லது" என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கே அழைத்துப் போங்கள். சாகத் தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. பாராகுவாட் 2020 முதல் தடையில் உள்ளது, ஆனால் தோட்ட வீடுகளில் வேறு களைக்கொல்லிகள் இருக்கின்றன. பூட்டி, சாவியை இடுப்பில் வையுங்கள். உதவிக்கு ஹீல் (HEAL) மனநலத் தொலைபேசிச் சேவை 15555.

மாணவர் ஆலோசக ஆசிரியர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்